கொல்லர் கிரேக்கம் படித்த சனிக்கிழமை

இப்போதெல்லாம் எவனும் உள்ளதைச் சொல்லிக் கதவைத் தட்டுவதில்லை. ஆளுக்கொரு பொய்யோடுதான் வந்து நிற்கிறான்.

அன்று காலை கொல்லர் ஹெக்கேயின் பட்டறைக்கு வந்த ப்ரூயிட்டும் அப்படித்தான். உள்ளூர்க் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து கோச். வருஷத்துக்கு ஒரு கல்லூரி என்று ஒஹாயோ முழுக்கத் துரத்தப்பட்டவன்.

"பெரியவரே, என் டீம்ல இருக்கிற குண்டுப் பையனுக்குத் தோள் எலும்பு போச்சு. இன்னைக்குத் தோத்தா என்னைச் சாயங்கால ரயில்ல ஏத்தி விட்டுடுவாங்க. நீங்க ஆடணும்."

"எனக்கு அம்பது தாண்டிடுச்சு தம்பி."

"தாடியை எடுத்தா மாணவன்னு சொல்லிடலாம். எதிர்ல நிக்கிறவனைத் தள்ளணும், அவ்வளவுதான்."

"தள்ளினா ஷெரிஃப் பிடிக்க வருவாரே?"

"வருவாரு. கைதட்டுவாரு."

"நம்ப மாட்டேன்" என்றார் ஹெக்கே. ஆனால் ஆசையாகத்தான் இருந்தது.

தாடி போனது. முகம் மேலே செம்பு, கீழே முள்ளங்கி. கோச் பதறிப்போய் வெளுத்த இடத்தில் உலைக்கரியைப் பூசினான். தாடி திரும்ப முளைத்துவிட்ட மாதிரி ஆனது. கடைசியில் ஒரு துணியைச் சுற்றிக் கட்டி, "பல்வலின்னு சொல்லிக்கலாம்" என்றான்.

மைதானத்தில் ஹெக்கே தள்ளினார். எதிரணிப் பையன்கள் கோதுமை மூட்டை போலச் சரிந்தார்கள். ஷெரிஃப் நிஜமாகவே கைதட்டினார்.

இடைவேளையில் எதிரணிக் கல்லூரியின் தலைவர் நேராக வந்தார். கூடவே நம்ம கல்லூரித் தலைவர் பிளாட்ஜெட்.

"இந்தக் கிழவன் மாணவனா? இல்லேன்னா ஆட்டம் எங்களுது!"

"கிழவனா? நம்ம தம்பிங்க!" என்றான் கோச்.

"என்ன படிக்கிறான்?" என்று கேட்டார் பிளாட்ஜெட்.

யாரும் சேராத பாடமாகப் பார்த்து, "கிரேக்கம்!" என்றான் கோச்.

"அப்படியா? அமோரி! உங்க மாணவராம், இங்க வாங்க!"

கோச் ஹெக்கேயின் துணியை இன்னும் இறுக்கிக் கட்டினான். கிரேக்கப் பேராசிரியர் அமோரி நெட்டைக் கால்களை வீசி நடந்து வந்தார். வழியில் உருண்டு வந்த பந்தை ஒரு உதை விட்டார். அது தேவாலயக் கூரையில் போய் விழுந்தது.

"கிரேக்கத்துல ஒரு வரி சொல்லச் சொல்லுங்க" என்றார் எதிரணித் தலைவர்.

"பல்வலி, பேச முடியாதுங்க..." என்று கோச் இழுத்தான்.

ஹெக்கேக்குப் பொறுமை போய்விட்டது. துணியைப் பிடுங்கி எறிந்தார். குதிரை காலை மிதித்தால் என்ன சொல்வாரோ அதைத் தன் நார்வே பாஷையில், ஒன்று விடாமல் சொன்னார். ஊரில் வேறு நார்வேக்காரன் கிடையாது.

எல்லாரும் அமோரியைப் பார்த்தார்கள். அமோரி மெல்லத் தொப்பியைக் கழற்றினார்.

"சுத்தமான கிரேக்கம். என் வகுப்பிலேயே கெட்டிக்காரன்."

ஆட்டத்தில் ஜெயித்தார்கள். கோச் ரயில் ஏறவில்லை. ஹெக்கேயைக் கட்டிக்கொண்டு அழுதான். அவனை உதறிவிட்டு ஹெக்கே பேராசிரியரைப் போய்ப் பிடித்தார்.

"வாத்தியாரே, நான் சொன்னது அத்தனையும் கெட்ட வார்த்தை. அதை எப்படிய்யா கிரேக்கம்னே?"

அமோரி அக்கம்பக்கம் பார்த்தார்.

"எனக்கென்னய்யா கிரேக்கம் தெரியும்? போன கோச் என்னைப் பந்து உதைக்கக் கூட்டிட்டு வந்தான். என்னை வாத்தியார்னு நினைச்சு, என்ன சொல்லித் தருவேன்னு தலைவர் கேட்டார். யாரும் சேராத பாடமாப் பார்த்துச் சொன்னேன்."

பின்னால் நின்ற கோச் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

ஹெக்கே முள்ளங்கித் தாடையைத் தடவினார். "இதையும் நம்ப மாட்டேன்" என்று பட்டறையைப் பார்த்து நடந்தார்.