வெள்ளிக்கிழமைக் கோழியும் எழும்பாத மெஷினும்

வெள்ளிக்கிழமை காலையில எனக்கு ஒரே ஒரு வேலைதான். மெஷினை ரீஸ்டார்ட் பண்ணணும்.

பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சை எஸ்பிஎம் முடிச்சுட்டு, ஜார்ஜ்டவுன்ல சாந்தி அக்காவோட கேட்டரிங்ல வேலை பார்க்குறேன். பிறை ஃபேக்டரியில இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு மத்தியானச் சாப்பாடு. யாருக்குக் கோழி, யாருக்குச் சைவம்ங்கிற லிஸ்ட் எல்லாம் கிளவுட்ல வாடகைக்கு எடுத்த ஒரு விண்டோஸ் மெஷின்ல இருக்கு. அது எந்த நாட்டுல உட்கார்ந்திருக்குன்னுகூட எங்களுக்குத் தெரியாது.

"ரொம்ப ஸ்லோவா இருக்கும்மா. ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு"ன்னு அக்கா சொன்னாங்க.

பண்ணினேன். ஆஃப் ஆச்சு. ஆன் ஆகல!

ரெண்டு நிமிஷம் பொறுத்தேன். என்னைப் பொறுத்தவரைக்கும் அது பெரிய சாதனை.

மணி ஒன்பதரை. பதினோரு மணிக்கு வேன் கிளம்பணும். அடுப்படியிலிருந்து சமையல்காரர் மணியம் அண்ணே கத்துறாரு: "கோழி எத்தனை, சைவம் எத்தனை? சீக்கிரம் சொல்லு லா, எண்ணெய் காயுது!"

அந்த மெஷினோட திரையை நேரா பார்த்து, கீபோர்ட் தட்டுறதுக்கு கன்சோல்னு ஒண்ணு இருக்கு. அதைத் திறக்கிற உரிமை குமரன் அண்ணேகிட்ட மட்டும்தான். அக்காவோட தம்பி, இதையெல்லாம் செட் பண்ணினவரு. அவரும் ஃபேக்டரியில வேலை. வேலை நேரத்துல எல்லாரும் போனை லாக்கர்ல பூட்டி வைக்கணும். எங்க அக்கவுண்ட்ல ஸ்டார்ட் பட்டன், ஸ்டாப் பட்டன். அவ்வளவுதான்.

நெட்ல தேடினேன். விண்டோஸ் எழும்பும்போதே பாதியில ரெண்டு மூணு தடவை கரண்டை வெட்டினா, அது தானா ரிப்பேர் பண்ணிக்கிற ரெக்கவரி திரைக்குப் போயிரும்னு ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான்.

ஸ்டார்ட். இருபது எண்ணினேன். ஸ்டாப். மறுபடி ஸ்டார்ட். ஸ்டாப்.

"என்னம்மா பண்றே?"

"சாகடிச்சு எழுப்புறேன் அக்கா."

"வெள்ளிக்கிழமை அதுவுமா பேச்சைப் பாரு!"

மூணு தடவை வெட்டி, மறுபடி ஸ்டார்ட் பண்ணின பிறகுதான், அந்த மெஷினோட திரையைப் படம் பிடிச்சுக் காட்டுற ஸ்கிரீன்ஷாட்னு ஒரு பட்டன் மூலையில இருக்கிறதே கண்ணுல பட்டுச்சு. முதல்லயே பார்த்திருக்கலாம். பார்க்கல.

அமுக்கினேன். நீலத் திரை. ரெக்கவரி!

"வந்துருச்சு அக்கா!"

"முருகா!"

அப்புறம்தான் படிச்சேன். 'உங்கள் கீபோர்ட் வகையைத் தேர்ந்தெடுக்கவும்'னு இங்கிலீஷ்ல கேட்டுக்கிட்டு நிக்குது. ஆனா இது வெறும் படம். கிளிக் பண்ணினேன். விரலால தொட்டும் பார்த்தேன். வெட்கமா இருக்கு, ஆனா தொட்டேன்.

"என்னவாம்?"

"கீபோர்ட் கேக்குது அக்கா."

அக்கா விறுவிறுன்னு உள்ளே போய், ஒரு பழைய கீபோர்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்தாங்க. "இந்தா. இதை முன்னாடியே கேட்டிருக்கலாம்ல?"

மணி பத்தேகால். இனி கோழியா சைவமான்னு ஒவ்வொருத்தரா கேட்க வேண்டியதுதான். ஆனா எல்லார் போனும் லாக்கர்ல! அக்கா அந்த ஆளுங்களோட வீட்டுக்காரிங்களுக்குப் போன் போட்டாங்க. எல்லாரும் அக்காவுக்குக் கோயில் பழக்கம்.

"வெள்ளிக்கிழமையா? அவரு சுத்த சைவம் அக்கா!"

எல்லாரும் இதே பதில். ஒருத்தர்கூட மாத்திச் சொல்லல.

கோழி திரும்ப ஐஸ் பெட்டிக்குப் போச்சு. "மசாலா தடவிட்டேனே, இவ்வளவையும் நானே தின்னவா?"ன்னு மணியம் அண்ணே கரண்டியைப் போட்டாரு. வேன்ல அத்தனையும் பொரிச்ச கத்தரிக்காயோட சைவப் பொட்டலம்.

பன்னிரண்டரைக்கு, ரெஸ்ட் நேரத்துல குமரன் அண்ணே கூப்பிட்டாரு. போன்லயே கன்சோலைத் திறந்து எனக்கும் உரிமை கொடுத்தாரு. ஒரு என்டர். ஒரு கன்டினியூ. மெஷின் எழும்பிருச்சு.

"அப்டேட் ஓடிக்கிட்டிருந்திருக்கு. பத்து நிமிஷம் சும்மா இருந்திருந்தா தானா வந்திருக்கும்."

"சும்மா இருக்கச் சொல்லி எந்த வெப்சைட்லயும் போடலயே அண்ணே."

லிஸ்டைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை: கோழி, கோழி, கோழி, சைவம், கோழி. சேகர் அண்ணே பேருக்கு நேரா, 'கோழி, ஒரு துண்டு கூடுதல்'.

ஐயோ, தப்பா அனுப்பிட்டோமே! அக்கா வேனைக் கூப்பிட்டுக்கிட்டிருந்தாங்க. நான் சும்மா நிக்காம சேகர் அண்ணே வீட்டுக்குப் போன் போட்டேன். "அண்ணி, மன்னிச்சுக்குங்க. அவரு எல்லா வெள்ளியும் கோழிதான் சாப்பிடுவாராம். இன்னிக்கு மாறிப்போச்சு."

அண்ணி குரலை உசத்தினாங்க.

"எல்லா வெள்ளியுமா?"

"ஆமா அண்ணி. ஒரு துண்டு கூடுதலா."

திரும்பிப் பார்த்தா, அக்கா தலையில கை வச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

சேகர் அண்ணே இப்போ வெள்ளிக்கிழமைன்னா வீட்டுலேயிருந்தே சாப்பாடு கட்டிக்கிட்டுப் போறாரு. தயிர் சாதமாம்.