வெங்கிடராமனின் தாக்கோல்

தம் மூளையில் உதித்த சரக்கைத் திருட ஊரே பதுங்கியிருக்கிறது என்று நம்பும் இனம் ஒன்று உண்டு. பார்த்ததில்லையா? 1988-இல் மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த மிளகுக் கம்பெனிக்கு வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள். பெயர் வெங்கிடராமன், பாலக்காட்டுத் தமிழர், கம்ப்யூட்டர் வாங்கிய கம்பெனிகளுக்குப் புரோகிராம் எழுதித் தருபவர்.

அவருடைய இழுப்பறையில் உலகத்துப் புரோகிராம்களெல்லாம் ப்ளாப்பிகளில் அடுக்கியிருக்கும். ஒன்றுகூட வாங்கியதல்ல. யார் கேட்டாலும் நகலெடுத்துக் கொடுப்பார். "எடுத்துண்டு போங்கோ! வித்யைய ஒளிச்சு வெக்கலாமோ?"

அவரே எழுதியது? அது வேறு வித்தை. கப்பலேறும் மிளகு மூட்டைகளுக்கான காகிதங்களை அச்சடிக்கும் அந்தப் புரோகிராமுக்குத் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கட்டை செய்து வைத்திருந்தார். கம்ப்யூட்டரின் முதுகில் அதைச் சொருகினால்தான் புரோகிராம் ஓடும். இல்லாவிட்டால் திரையில் 'நீ திருடன்' என்று இங்கிலீஷில் வரும். சாவிக்கு அந்த ஊரில் சொல்வதுபோல் அதைத் தாக்கோல் என்பார். ப்ளாப்பியை நகலெடுக்கலாம், தாக்கோலை எடுக்க முடியுமா? காலையில் வந்து, எங்களைச் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொல்லி, தம் கையாலேயே சொருகி, மாலையில் கழற்றி, கர்சீப்பில் சுற்றி, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு படகேறிப் போவார்.

ஒரு நாள் வரவில்லை. திருப்பூணித்துறைக் கோயில் உற்சவத்தில் செண்டை மேளம் கேட்டுக்கொண்டிருந்தார். தாக்கோலோடு.

இங்கே கப்பல் புறப்படத் தயார். டைப்பிஸ்ட் கமலாக்ஷி கம்ப்யூட்டரைத் தட்டினாள். 'நீ திருடன்' என்றது.

"என்னைப் பாத்துக் கள்ளின்னு சொல்லுதல்லோ, சாரே!" என்று பழைய டைப்ரைட்டரின் உறையை உருவினாள். முப்பத்தெட்டுப் பக்கம். சாயாகூடக் குடிக்காமல் அடித்து முடித்தாள். மிளகு கப்பலேறியது. அதன்பிறகு அவள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. முதலாளியும் தொடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வெங்கிடராமன் வந்தார். கப்பலைப் பற்றிக் கேட்டாரா? இல்லை. தம் புரோகிராம் இருந்த ப்ளாப்பியின் உறையைத் தடவினார். காலி.

"என் ப்ளாப்பி எங்கே?"

"சும்மாதானே கிடக்குதுன்னு அடுத்த கம்பெனி பிச்சைமணிக்குக் குடுத்துட்டேன் சாரே" என்றாள் கமலாக்ஷி.

அப்போது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "நான் சொன்னேனோ இல்லையோ? அடிச்சுட்டான்!" சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, மூட்டை வண்டிகளுக்கு நடுவே கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போல் விரைந்தார்.

பிச்சைமணி அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டர், கம்பம் ஊர்க்காரர். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"பூட்டை எப்படி ஓய் உடைச்சீர்? நெஜத்தைச் சொல்லும், போலீசுக்குப் போகமாட்டேன்."

"என்ன பூட்டு சார்? காலி ப்ளாப்பி தீந்துபோச்சு. இதுல என்னமோ கெடந்துச்சு, அழிச்சுட்டு எங்க லெட்டரப் போட்டுக்கிட்டேன். ப்ளாப்பி நல்ல ப்ளாப்பி சார்."

"அழிக்கறதுக்கு முன்னாடி... ஒரு தரமாவது ஓட்டிப் பாத்தீரா?"

"இல்லையே சார்."

வெங்கிடராமன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு நகல் எடுத்து வெச்சுக்கணும்னுகூடத் தோணலையா?"

பிச்சைமணி இளகிய மனசுக்காரர். "குடுங்க சார், வேணும்னா இப்ப எடுத்துக்கிறேன்."

மறுநாள், தாக்கோல் இல்லாமலே ஓடும் பிரதி ஒன்றை வெங்கிடராமனே கொண்டுபோய்க் கொடுத்தார். எப்படி ஓட்டுவது என்று நாலு பக்கம் கைப்பட எழுதியும் கொடுத்தார்.

சிரிக்கிறீர்களா? யாராவது சுட்டுவிடுவார்கள் என்று நீங்கள் பீரோவில் மறைத்து வைத்திருக்கும் அந்தக் கவிதை நோட்டை, எர்ணாகுளம் ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு நாள் மறந்தாற்போல் வைத்துவிட்டு வாருங்கள். மறுநாள் போய், அது வைத்த இடத்திலேயே கிடப்பதைப் பார்க்கும்போது மட்டும், துணைக்கு யாரையாவது அழைத்துக்கொண்டு போங்கள்.