சபை டிவியில் நான் மின்னோட்டம் கண்டுபிடித்த விவரம்

ஆம்பூர்,
17.11.2008

அன்புள்ள மாப்பிள்ளை ஜெஸ்டன் அவர்களுக்கு மாமனார் வில்சன் எழுதுவது.

கர்த்தருடைய இரக்கத்தால் இங்கே நானும் உங்கள் அத்தை ஜெயபுஷ்பமும் இருக்கிறோம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு வெற்றி. தைவானில் நீங்களும் கரோலினும் சுகமாயிருக்க அனுதினமும் ஜெபிக்கிறோம். போனில் சொல்லிவிடலாமே, கடிதம் எதற்கு என்று கரோலின் கேட்பாள். போனில் சொன்னால் பாதியில் அவள் சிரிப்பாள். கடிதத்தை முழுவதும் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஈஸ்டருக்கு வந்திருந்தபோது உங்கள் வேலையைப் பற்றி எனக்கு விளக்கினீர்கள். தட்டை டிவியின் கண்ணாடிக்குள் தலைமுடியைவிட மெல்லிய கம்பித் தடங்கள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன, அவற்றில் எங்காவது இரண்டு ஒட்டிக்கொண்டால் மின்சாரம் போகக் கூடாத வழியில் போகும், மின்சாரம் போகும் இடமெல்லாம் காந்தப் புலம் உண்டாகும், ஆகவே பேனலைத் தொடாமல் அதன் மேலே ஒரு காந்த உணர்கருவியை ஓட்டினால் குற்றம் எங்கே என்று தெரிந்துவிடும் என்றீர்கள். அப்போது நான் தூங்கிவிட்டதாக வீட்டில் ஒரு வதந்தி உண்டு. முப்பது வருடம் புவியியல் நடத்தியவன் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பான். கேட்டது வீண்போகவில்லை என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

நம் சபைக்குத் தட்டை டிவி வாங்கியது, சபைச் செயலர் என்ற முறையில், என் முயற்சி என்பது உங்களுக்குத் தெரியும். பாட்டு வரிகளை அதில் காட்டினால் கடைசி பெஞ்சுக்காரரும் வாய் திறப்பார் என்பது என் வாதம். பாட்டுப் புத்தகமே போதும் என்பது பாடகர் குழுத் தலைவர் பாக்கியநாதன் வாதம். அவர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், எல்லாவற்றிலும் தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் உள்ளவர். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டின் இரண்டாம் சரணத்தில், டிவி அணைந்தது. மூலையில் எரியும் சிவப்புப் பொட்டுகூட இல்லை. கம்பெனிக்கு போன் போட்டால், ஆளை அனுப்பாமலே, "பேனல் போயிருக்கும் சார், புதுசு வாங்கிக்கறது பெட்டரு" என்று ஒரு பையன் சொன்னான். இது கமிட்டிக் கூட்டத்துக்கு வந்தது. பாக்கியநாதன் எழுந்தார்.

"வாத்தியாரே, ஆராதனை நடக்கற எடத்துல எதுக்கு அவ்ளோ பெரிய கருப்புக் கண்ணாடி? தல சீவிக்கவா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆயர் மட்டும் சிரிக்காமல் இருமினார், ஆனால் நெடுநேரம் இருமினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அறுப்பின் பண்டிகைக்குள் இந்த டிவி எரியாவிட்டால் செயலர் பொறுப்பிலிருக்கும் கோயில் சாவியைப் பாக்கியநாதன் கையிலேயே கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றேன். ஜெபத்துக்குக்கூடத் தாமதமாக ஆமென் சொல்லும் மனிதர் அன்று உடனே "ஆமென்" என்றார். பண்டிகை ஆராதனை முடிந்ததும் கமிட்டித் தேர்தல். அந்தச் சாவியை இழந்தால் அப்புறம் நான் ஓய்வுபெற்ற வாத்தியார்தான், வேறொன்றும் இல்லை.

உங்கள் காந்தக் கருவிக்கு நான் எங்கே போவது? காந்தத்துக்கு அசையும் பொருள் திசைகாட்டி, அது புவியியல்காரன் சொத்து. பள்ளிக்கூடத்தில் இருந்த திசைகாட்டியை எந்தத் திசையில் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசா அம்மா ஹஜ்ஜுக்குப் போய்வந்தபோது தொழுகைத் திசை பார்க்க ஒரு திசைகாட்டி வாங்கிவந்தது நினைவுக்கு வந்தது. போய்க் கேட்டேன்.

"இன்னா சார், சர்ச்சுல கிப்லா பாக்கப் போறீங்களா?"

"இல்லம்மா, டிவியில கரண்ட் பாக்கணும்."

"டிவிய எந்தப் பக்கம் பாத்து வெச்சாலும் படம் வரும் சார். உங்களுக்கு எதுக்கு இந்த பேஜாரு?"

சொன்னாலும், ஒரு வெல்வெட் பையில் போட்டுக் கொடுத்தார்கள். நல்ல மனம்.

பண்டிகைக்கு முந்தின நாள், சனிக்கிழமை. ஷூ கம்பெனியில் வேலை செய்யும் நம் சபை வாலிபர் நான்கு பேர் டிவியைச் சுவரிலிருந்து இறக்கி, ஆயர் அங்கி மாற்றும் வெஸ்ட்ரி அறைக்குக் கொண்டுவந்து, மேசைமேல் மெத்தென்ற கழிவுத் தோல் பரப்பிக் கவிழ்த்துப் படுக்கவைத்தார்கள். பிளக்கை மாட்டி, ஸ்விட்சைப் போட்டு, பின்மூடியைக் கழற்றியாயிற்று. நான் இட்ட முதல் கட்டளை, ஃபேன், லைட் எதையும் போடாதீர்கள், செல்போனை அணையுங்கள் என்பது. அந்நிய மின்சாரம் எதுவும் பக்கத்தில் இருந்தால் முள் குழம்பிவிடும் அல்லவா? இவ்வளவு முன்யோசனை உங்கள் தைவானில் உண்டா தெரியவில்லை. திசைகாட்டியை டிவியின்மேல் பிடித்தேன். முள் உடனே திரும்பி இரும்பு பீரோவைக் காட்டியது. பீரோவை வெளியே தள்ளச் சொன்னேன். மறுபடி பிடித்தேன். முள் ஒரு வாலிபன் பின்னாலேயே சுற்றியது. விசாரித்தால், கம்பெனி கொடுத்த பாதுகாப்பு ஷூ, முனையில் இரும்புத் தகடு. நால்வரையும் ஷூவைக் கழற்றச் சொன்னேன். தோல் ஊறும் ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான், வாசனைக்கு அஞ்சியதில்லை. அன்று கொஞ்சம் அஞ்சினேன்.

இந்த நிலையில்தான் பாக்கியநாதன் எட்டிப் பார்த்தார். இருட்டறை, வெறுங்காலோடு நான்கு வாலிபர்கள், மேசையைச் சுற்றித் தலைகுனிந்து நிற்கிறார்கள், ஒருவரும் பேசவில்லை. மனிதர் சட்டென்று செருப்பைக் கழற்றி, முழங்கால் போட்டு, கண்ணை மூடி ஆரம்பித்துவிட்டார். "ஆண்டவரே, இங்க நித்திரையில படுத்திருக்கிற..." பெயர் தெரிந்துகொள்ளக் கண்ணைத் திறந்தார். பார்த்தார். "யோவ் வாத்தியாரே, இன்னாய்யா இது?"

"அமைதி. மின்னோட்டம் பார்க்கிறோம்" என்றேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, சாவி கைக்கு வரும்வரை நகர்வதில்லை என்று உட்கார்ந்துவிட்டார்.

முள்ளை வரிவரியாக, உழுவதுபோல, நகர்த்தினேன். எங்கும் சாதுவாக வடக்கைக் காட்டிய முள் இடது கீழ்மூலைக்கு வந்ததும் விலுக்கென்று திரும்பியது. நகர்த்தினால் அடங்கியது, திரும்பக் கொண்டுவந்தால் மறுபடியும் விலுக்கென்றது. மின்சாரம் தடம் மாறும் இடம் அதுதான்! அங்கே ஸ்பீக்கரை ஒட்டி ஒரு தட்டை வயர் பட்டை ஓடியது. தோல் துண்டு ஒன்றை மடித்து அதன்கீழ் செருகிக் கட்டைவிரலால் அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தினேன். மத்தியானம் போய் மாலையாயிற்று, விரல் மரத்துப்போயிற்று, பாக்கியநாதன் "சாவிய இப்பவே குடுத்துட்டா ரெண்டு பேரும் போயி சோறு துன்னலாம்ல?" என்றார். என் கை சட்டைப்பையிலிருந்த சாவிவரைக்கும் போனது என்பதை மறைக்கவில்லை. கடைசியாக ஒருமுறை, மேலே பார்த்துக்கொண்டு, விரலை அழுத்தினேன்.

விளிம்போரத் தோலில் சிவப்புப் பொட்டின் வெளிச்சம் தெரிந்தது! அப்புறம் மேசைமேல் பரப்பிய தோலைச் சுற்றி நீல வெளிச்சம் கசிந்தது. நிமிர்த்திப் பார்த்தால் திரை முழுக்க வெளிச்சம். வாலிபர்கள் போட்ட கூச்சலில் வெளியே இருந்த பீரோ அதிர்ந்தது. பாக்கியநாதன் எழுந்து நின்று, "இன்னாங்க பண்ணீங்க?" என்றார். அந்த "இன்னாங்க"வில் இருந்த "ங்க"வைக் கவனியுங்கள் மாப்பிள்ளை. அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் மரியாதை அதுதான்.

பண்டிகை அமோகமாக நடந்தது. டிவி குணமான இடத்துப் பிளக்கிலேயே இருக்கட்டும், வீண்பரீட்சை வேண்டாம் என்று வெஸ்ட்ரியிலிருந்தே நீள வயர் இழுத்துக் கோயிலுக்குள் டிவியை வைத்தோம். பூசணிக்காயும் வாழைத்தாரும் குவிந்திருக்க, ஏலத்துக்கு வந்த சேவல் ஒன்று டிவியின் தலைமேல் ஏறி நின்றது, அதுவும் திரையைக் கெடுக்கவில்லை. கடைசி பெஞ்சுக்காரர்கள் வாய் திறந்து பாடினார்கள், அதற்காக நான் வருந்தியது தனிக் கதை. தேர்தலில் என் பெயரை முன்மொழிந்தவர் பாக்கியநாதன். போட்டியே இல்லை. "வாத்தியார்கிட்ட காந்தம் கீது" என்று எல்லோரிடமும் சொல்கிறாராம். வாணியம்பாடியில் ஒரு டேனரியில் தோல் அளக்கும் இயந்திரத்தின் திரை மங்கலாக இருக்கிறதென்று என்னை வந்து பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள். வருவதாகச் சொல்லிவிட்டேன்.

உங்கள் மேலதிகாரிகளிடம் இந்த முறையைச் சொல்லுங்கள். ஷூவைக் கழற்றுவது முக்கியம் என்று அழுத்திச் சொல்லுங்கள். கரோலின் வேளாவேளைக்குச் சாப்பிடட்டும். உங்கள் கையின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதித்து, நீங்கள் சோதிக்கும் பேனல்களையெல்லாம் குற்றமற்றவையாகக் காப்பாராக. அத்தை முத்தங்கள் சொல்லச் சொன்னாள்.

அன்புள்ள மாமா,
வி. வில்சன்,
செயலர் (மறுபடியும்)

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் நம் கோயில்பிள்ளை சின்னசாமி வந்தார். "சார், அன்னைக்கி பாட்டு நடுவுல டிவி பிளக்குல பொக வந்துச்சு, ஓடிப்போயி ஃபீஸ் கட்டைய புடுங்கி எங்கிட்டயே வெச்சிக்கினேன். இப்ப மாட்டட்டுமா?" என்றார். ஏன் சொல்லவில்லை என்றால், யாரும் கேட்கவில்லையாம். அப்படியானால் வெஸ்ட்ரியில் ஏன் எரியவில்லை என்று மடக்கினேன். "சனிக்கெழம மாசாந்திர கட்டு சார், ஊருக்கே கரண்ட் கெடையாது, சாயங்காலந்தான் வுட்டான். நீங்கதான் ஃபேனு லைட்டு எதையும் போடவே வுடலியே, எப்டித் தெரியும்?" என்றார். ஜெயபுஷ்பம் அடுப்படியிலிருந்து சிரிக்கிறாள். சபைச் சட்டத்தைப் பார்த்துவிட்டேன், முடிந்த தேர்தலைத் திரும்ப நடத்த அதில் இடமில்லை. நிற்க. மின்சாரமே இல்லாத பேனலில் நாள் முழுக்க மின்னோட்டம் காட்டும் கருவி உங்கள் கம்பெனியில் உண்டா என்று விசாரித்து எழுதவும். இல்லையென்றால் நாம்தான் முதல்.