காரணம் சொல்லாமல் கிளம்பக் கூடாது

ஓசூரில் செவப்புச் சீட்டு அக்கா குறை கண்டுபிடிக்காத பொருள் ஒன்று இருந்திருந்தால், அது அவள் கண்ணில் படாத பொருளாகத்தான் இருக்கும். வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவள் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. கழித்துப் போடும் ஒவ்வொரு பீஸிலும் சிவப்புச் சீட்டு கட்டிக் காரணம் எழுத வேண்டும். நல்ல பீஸுக்குப் பச்சைச் சீட்டு, அதற்குக் காரணம் தேவையில்லை. இந்தச் சட்டத்தை அவள் எங்கள் லேடீஸ் ஹாஸ்டலுக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

சாம்பார் அண்டாவில் ஒரு சீட்டு தொங்கும்: 'பருப்பு போடவில்லை.' பாத்ரூம் கதவில்: 'தாழ்ப்பாள் பேருக்குத்தான்.' வார்டனம்மா தூங்கும் நாற்காலியிலும் ஒன்று தொங்கியது. அதில் இருந்ததை இங்கே எழுத முடியாது. எனக்கு வந்த காதல் கடிதத்தைக்கூட அவள் விடவில்லை. 'நாலு பக்கமும் அவனைப் பற்றியேதான் இருக்கிறது' என்று எழுதிக் கட்டினாள். எடுத்துப் படித்துப் பார்த்தேன், உண்மைதான்.

பச்சைச் சீட்டை மட்டும் ஹாஸ்டலில் யாரும் கண்டதில்லை.

அப்பேர்ப்பட்டவள் ஒருவனிடம் மயங்கினாள். கல்யாண வெப்சைட்டில் கிடைத்த சேலத்துக்காரன், பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. ஒரு மாதமாக மொட்டை மாடியில் செல்போனும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். புதுக்கோட்டையிலிருந்து அவள் அண்ணன் வேறு, "இதுவும் அமையலைன்னா வேலைய எழுதிக் குடுத்துட்டு ஊருக்கு வந்துரு" என்று சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரியில் சந்திப்பு. அவளுக்கு என்னுடைய ஊதா சுடிதார், துணைக்கு நான். அவன் ஹெல்மெட்டோடு வந்து உட்கார்ந்தான். பப்ஸ் வந்தது. எடுக்கக் கையை நீட்டினாள். அவளுக்கு மோதிர விரலில் நுனி கிடையாது.

"கைல என்னங்க?"

"பிரஸ் மெஷின்ல மாட்டிக்கிச்சு. வேலைக்குச் சேந்த புதுசுல."

"போட்டோவுல தெரியலைங்களே."

"மூஞ்சி தெரியிற மாதிரிதான கேட்டீங்க."

அதன்பிறகு அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க அவன் பெரும்பாடு பட்டான். ஃபேனைப் பார்த்தான், கேக்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போலவும் இருந்தது, அவனுக்கு ஓர் அறை வைக்கலாம் போலவும் இருந்தது. கடைசியில் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"அம்மாட்டப் பேசிட்டு போன் பண்றேனுங்க."

"உக்காருங்க," என்றாள் அக்கா. "வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க. எங்க கம்பெனில காரணம் சொல்லாம ஒரு பீஸையும் கழிக்க மாட்டோம்."

"அப்படியெல்லாம் இல்லைங்க."

"அப்ப எப்படி?"

பேக்கரியே பப்ஸ் மெல்லுவதை நிறுத்திவிட்டது. கல்லாவில் இருந்தவர், "கலாட்டே பேடம்மா" என்று, கலாட்டா வேண்டாமெனக் கன்னடத்தில் கெஞ்சினார். அக்கா கையை மேசை மேல் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"விரலுதாங்க," என்று அவன் முனகினான். "நாளைக்கு நாலு பேர் கேப்பாங்க."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றவள், பையிலிருந்து சிவப்புச் சீட்டை எடுத்து எழுதி, அவன் ஹெல்மெட் வாரில் நிதானமாகக் கட்டினாள். காரணம்: 'நாலு பேருக்குப் பயம்.' அதை அவிழ்க்கக்கூடத் தோன்றாமல் அவன் வண்டியைக் கிளப்பினான். பெங்களூர் வரை அவன் தாடைக்குக் கீழே அது ஆடிக்கொண்டே போயிருக்கும்.

திரும்பி நடக்கும்போது அக்கா அழுதாள். என் துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நாந்தான் வேணாம்னுட்டேன். வேலைய விட மாட்டேன், ஊருக்கும் வர மாட்டேன். கோவம்னா நேர்ல வந்து திட்டு, சோறு போடுறேன்."

மறுநாள் அவள் முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, அவள் பையிலேயே திருடிய பச்சைச் சீட்டு ஒன்றை அவளுடைய டிபன் பையில் கட்டிவிட்டேன். கம்பெனி பஸ்ஸில் கால் வைக்கப் போனவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"காரணம் எங்கடி?"

"பச்சைக்குக் காரணம் வேணாம்னு நீதானக்கா சொன்ன."

அவள் அதை அவிழ்க்கவில்லை. காரணம் எழுதியிருந்தால் அந்தச் சீட்டில் எனக்கு இடம் போதாமல் போயிருக்கும்.