திரும்பி வருவார் என்ற கடிதம்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவர் படிப்பு முடிந்ததும் கட்டாயம் ஊர் திரும்புவார் என்று கிராம அலுவலரான விதானையார் ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். கோபிகாவுக்கு அது நாளைக்குள் வேண்டும். இல்லாவிட்டால் விசா விண்ணப்பம் போகாது. இரண்டு வருடம் படிப்பு, பிறகு நிரந்தர வதிவிடம், அதன் பிறகு அம்மாவைக் கூப்பிடுவது என்று எல்லாவற்றையும் ஒழுங்காகத் திட்டமிட்டிருந்தாள். திரும்புவதற்கு மட்டும் அதில் இடம் இருக்கவில்லை.

விதானையார் முத்துக்குமாரு மேற்படி கடிதத்தை இதுவரை நாற்பத்தொரு பேருக்கு வழங்கியிருந்தார்.

“எத்தினை பேர் திரும்பி வந்தவை, சேர்?” என்று கோபிகா கேட்டாள்.

“ஒருத்தரும் வரேல்லை. என்ரை மகனும் அதுக்குள்ளை அடக்கம். அதுதான் மேலிடம் புதுச் சுற்றுநிருபம் விட்டிருக்கு. ஊருக்கு வெளியாலை போய்த் திரும்பி வந்த ஒரு ஆள் சாட்சிக் கையெழுத்து வைக்கோணும். அப்பிடியும் நடக்கும் எண்டு அரசாங்கத்துக்குத் தெரியோணுமாம்.”

கோபிகா பிரிவு முழுக்கச் சைக்கிளில் அலைந்தாள். வந்தவர்கள் இருந்தார்கள்தான். திருவிழாவுக்கு வந்து, வெயிலைத் திட்டிக்கொண்டு, திரும்பும் ரிக்கற்றோடு நின்றார்கள். கடைசியில் இரும்புக்கடை நஸ்ருதீன் நானா அகப்பட்டார். தொண்ணூறாம் ஆண்டு, போர்க்காலத்தில் இயக்கம் ஊரிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது புத்தளம் போய், இருபது வருடம் கழித்துத் தன் பழைய வீட்டு வளவுக்கே வந்து சேர்ந்தவர். கேட்டதும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தார்.

கந்தோர் மேசையில் விதானையார் பதிவேட்டைப் புரட்டினார். “நானா, உங்கடை பதிவு புத்தளத்திலை கிடக்கு. சட்டப்படி நீங்கள் இன்னும் இஞ்சை வரேல்லை.”

“உங்களுக்கு முன்னாலைதானே இருக்கிறன், சேர்.”

“இருக்கிறியள். வந்ததுக்கு ஆதாரம் இல்லை. இஞ்சை இருந்துதான் போனனீங்கள் எண்டதுக்கு ஏதும் கடிதம் இருக்கோ?”

“ரெண்டு மணித்தியாலத்திலை போகச் சொன்னவங்கள். கந்தோருக்கு வந்து கடிதம் எடுக்க நேரம் காணேல்லை.”

விதானையார் அதையும் குறித்துக்கொண்டார்: விண்ணப்பதாரர் உரிய காலத்தில் விண்ணப்பிக்கத் தவறியுள்ளார்.

கோபிகாவுக்கு அழுகை வந்துவிட்டது. விதானையார் கல்நெஞ்சர் அல்லர். சாட்சி அகப்படாத இடத்தில் அலுவலர் தமது சொந்த நம்பிக்கையின் பேரில் வழங்கலாம் என்று சுற்றுநிருபத்தின் அடியில் ஒரு வரி கிடந்தது. ‘இவர் திரும்பி வருவார் எனப் பூரணமாக நம்புகிறேன்’ என்று எழுதி, முத்திரை குத்தி நீட்டினார்.

“அப்ப என்ரை பதிவு, சேர்?”

“அதுக்கு நம்பிக்கை மட்டும் காணாது, நானா. ஆதாரம் வேணும்.”

வெளியே வந்த கோபிகாவுக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. “நான் கட்டாயம் வருவன், நானா” என்றாள்.

நஸ்ருதீன் சிரித்தார். “வராட்டிலும் ஒண்டுமில்லை, பிள்ளை. உங்கடை பதிவு இஞ்சைதானே இருக்கு.”