மரப்பாச்சிக்கு மட்டும் அனுமதி

வருங்காலப் பெற்றோரை இப்போதே தயாரித்துவிட வேண்டும் என்று சர்க்கார் தீர்மானித்தபோது, அந்தப் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. பஞ்சாயத்து யூனியன்கள் வந்த புதிது. உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் ஆபீஸ். எது என்று சொல்லமாட்டேன், நான் இன்னும் பென்ஷன் வாங்கவில்லை. அங்கே நான் சமூகக் கல்வி அமைப்பாளர். பெயர் பஞ்சாட்சரம்.

சின்ன வயதில் வீட்டு வேலை பழகிய பிள்ளைகளே பிற்காலத்தில் நல்ல தாய் தகப்பன் ஆவார்கள் என்பது திட்டத்தின் அடிப்படைக் கொள்கை. இதை எடுத்துச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. கல்யாணம் ஆகும் வரை சாப்பிட்ட தட்டை நகர்த்திக்கூட வைத்தவனில்லை நான். "தண்ணி" என்பேன், வரும். இவனுக்கென்ன தகுதி என்கிறீர்களா? வீட்டு வேலை தெரிந்திருந்தால் அதைச் செய்துகொண்டல்லவா இருந்திருப்பேன்? அதைப் பற்றிப் பேச நேரம் ஏது?

என் மனைவி சொக்கம்மாள் மட்டும் இந்த நியாயத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பிரசவத்துக்குத் திருப்புலிவனத்தில் அம்மா வீட்டுக்குப் போனவள், பையனுக்குப் பல் முளைத்த பிறகும் திரும்பவில்லை. நேரில் போய்க் கூப்பிட்டேன்.

"நான் குளிக்கப் போனா புள்ளைய யாரு வச்சிக்கினு இருப்பாங்க?"

"நான்தான்."

"இந்தாங்க, வச்சிக்குங்க."

வாங்கினேன். பையன் அலறினான். கூடவே நானும் "சொக்கு! சொக்கு!" என்று அலறினேன். அவள் இன்னும் கிணற்றடிக்குப் போய்ச் சேரவில்லை.

"மொதல்ல கத்துக்கினு வாங்க. அப்புறம் வரேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஆள் இல்லாத வீட்டில் ஹோட்டல் இட்லியைத் தின்று எனக்கு அலுத்துவிட்டது. இந்தத் திட்டத்தை ஜெயமாக நடத்திக் காட்டினால் சொக்கம்மாள் மனசு மாறும் என்று முழுமூச்சாக இறங்கினேன்.

பயிற்சிக்குப் பிள்ளைகள் வேண்டுமே! நடவு காலம். தாய்மார் விடிந்ததும் கழனிக்குப் போய்விடுவார்கள். வீட்டில் தம்பி தங்கைகளைத் தூக்கிக்கொண்டு, கஞ்சி காய்ச்சிக்கொண்டு சிறுமிகள் இருந்தார்கள். அவர்களைத்தான் கூட்டிவந்தோம். மற்ற பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் அல்லவா இருந்தார்கள்?

வந்த சிறுமிகள் இடுப்பில் ஆளுக்கொரு குழந்தை. குழந்தை வளர்ப்புப் பற்றி நான் வாயைத் திறந்தபோதெல்லாம் குழந்தைகள் அழுதன. ஒரு வாக்கியம் முடிக்க முடியவில்லை. ஆகவே பயிற்சியின் கண்ணியத்தை முன்னிட்டு, கூடத்துக்குள் மரப்பாச்சிகளுக்கு மட்டுமே அனுமதி என்று உத்தரவு போட்டேன். நிஜக் குழந்தைகளை வெளியே புங்கமரத்தடியில் பியூன் இருசப்பனிடம் விட்டுவிட்டோம்.

மறுநாளே சிட்டம்மாள் முழங்கால் சேற்றோடு நடவிலிருந்து ஓடிவந்தாள். பயிற்சிக்கு வந்த மலர்க்கொடியின் தாய்.

"இன்னா சார் இது? எம்பொண்ணு உள்ள கீறா, புள்ள வெளிய கத்திக்கினு கீது?"

"உன் பெண்ணுக்குக் குழந்தை வளர்க்கப் பயிற்சி கொடுக்கிறோம் அம்மா."

"எந்தப் புள்ளைய வளக்க?"

"பிற்காலத்தில் பிறக்கப் போகிற பிள்ளையை."

"பொறந்தத இன்னா பண்றது?"

"அது இந்தத் திட்டத்தில் வராது."

சிட்டம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பேஜார் பிடித்த ஆபீஸ் என்று சொல்லிக்கொண்டே நடவுக்குத் திரும்பினாள்.

பரீட்சை வைத்தேன். மலர்க்கொடி மரப்பாச்சிக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தபோது வெளியே அவள் தம்பி வீறிட்டான். மரப்பாச்சியைத் தரையில் போட்டுவிட்டு ஓடிப்போய் அவனைத் தூக்கிக்கொண்டாள். கையிலிருந்த குழந்தையைக் கைவிட்டாள் என்ற காரணத்தால் பெயில். பரிசு உண்டென்று கேள்விப்பட்டு அன்றைக்கு மட்டும் வண்டியில் வந்த நிலக்காரர் தாண்டவராயனின் மகள், மரப்பாச்சியை மடியில் வைத்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குழந்தை ஒரு தடவைகூட அழவில்லை. முதல் பரிசு.

பரிசளிப்புக்கு ஜில்லாவிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். மைக் வைத்துப் பாஸ், பெயில் எல்லாம் வாசித்தேன். வாசித்து நிமிர்ந்தால், டிரங்குப் பெட்டியோடு வண்டியிலிருந்து சொக்கம்மாள் இறங்குகிறாள்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

நேரே வந்தாள். "கத்துக்கினீங்களாமே" என்று பையனை என் கையில் வைத்தாள்.

பையன் அலறினான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் ஆபீஸ் நடைமுறை தெரியுமே! உடனே கிளார்க் வேதகிரியிடம் கொடுத்தேன். வேதகிரி இருசப்பனிடம் நீட்டினார். இருசப்பனின் இரண்டு தோளிலும் ஏற்கெனவே பிள்ளைகள். மலர்க்கொடி வந்து பையனை வாங்கி, தம்பி இல்லாத பக்கத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அழுகை நின்றது.

சொக்கம்மாள் முகம் மலர்ந்தது. "நான் வந்துடறேன். இந்தப் பொண்ண நம்ப வூட்டோட அனுப்பிடச் சொல்லுங்க. புள்ளைய இவளே பாத்துக்கட்டும்."

நான் கூட்டத்தில் நின்ற சிட்டம்மாளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அதெப்படிம்மா? எம்பொண்ணு பெயிலுன்னு உங்க வூட்டுக்காரருதான் இப்ப மைக்குல சொன்னாரு. லாயக்கில்லாத பொண்ண ஆபீசர் வூட்டுக்கு அனுப்பிட்டு, நாளைக்கு ஒண்ணுன்னா யாரு ஜவாப் சொல்றது? பாஸானவளக் கூட்டிக்கினு போங்க."

எல்லோரும் தாண்டவராயன் மகளைப் பார்த்தார்கள். தாண்டவராயன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சொக்கம்மாள் பையனை வாங்கிக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தாள்.

பதறிப்போய் அதிகாரியிடம் ஓடினேன். "சார், எனக்கு லீவ் வேணும்."

"எதுக்குய்யா?"

"குழந்தை பார்த்துக்கப் பழகணும் சார்."

"ஆம்பிளைக்கு அப்படி ஒரு லீவ் விதியிலேயே கிடையாதே!"

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா சார்?"

"இல்லாம என்ன?" என்றவர், பின்னால் நின்ற டவாலிச் சேவகனைத் திரும்பிப் பார்த்தார். "நமக்கு எத்தனைய்யா?"

"ஆறு சார்" என்றான் டவாலி.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, பெற்றோர் கடமை என்ற பொருளில் பேச எழுந்தார். அருமையான பேச்சு. நடுவில் திருப்புலிவனத்து வண்டி மணி கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. பேச்சு முடிந்ததும் கூட்டமே கைதட்டியது. குழந்தை வைத்திருந்தவர்கள் மட்டும் தட்டவில்லை, அவர்களுக்குக் கை ஒழியவில்லை. எனக்கு இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. பலமாகத் தட்டினேன்.