தாய்மாமன் சீராக வந்த பிரிண்டர்

அன்புள்ள மைத்துனர் குகனேஸ்வரன் அவர்களுக்கு,

கேமரன் மலையிலிருந்து உங்கள் அத்தான் செல்லையா எழுதுவது. இங்கே அனைவரும் நலம், தனுஜா கல்யாணத்துக்கு நீங்கள் அனுப்பிய லேசர் பிரிண்டரைத் தவிர. கோலாலம்பூரில் ஏர்கோன் அறையில் நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள்.

"பத்திரிகைய கடையில குடுக்காதீங்க அத்தான், வீட்லயே அடிச்சிரலாம், ஈசி லா" என்று போனில் சொன்னீர்கள். தாய்மாமன் பேச்சைத் தட்டலாமா? உள்ளே இருக்கும் உருளையில் ஒளி எழுத்தை வரையும், அதில் தூள் ஒட்டும், தூள் தாளுக்கு இறங்கும், சூட்டில் உருகிப் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கம் வேறு. தூளும் சூடும் எனக்குப் புதிதா? தேயிலை ஆலையில் ஓய்வு பெறும்வரை அதைத்தானே பார்த்தேன். கொழுந்தைச் சாக்கில் அடைத்து வைத்தால் புழுங்கிச் சிவந்துவிடும். தாளும் அப்படித்தானே என்று, கண்ணில் பட்ட தாள் கட்டுகளின் உறையெல்லாம் கிழித்து, ஜன்னலோரம் காற்றாட அடுக்கினேன். "மேகம் வீட்டுக்குள்ள வந்துட்டுப் போற எடம்ங்க இது" என்று முணுமுணுத்தாள் உங்கள் அக்கா. மிஷின் விவகாரம் அவளுக்கு என்ன தெரியும்?

முதல் பத்திரிகை பொரித்த அப்பளமாகச் சுருண்டு வந்தது. அதை நீவி, பக்கத்து ஊர் கோலா தெர்லாவுக்குப் போய், சம்பந்தி சாம்பசிவத்திடம் தாம்பூலத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். மகன் பெயரைத் தடவிப் பார்த்தார். பெயர் அவர் கட்டைவிரலுக்கு வந்துவிட்டது. தாள் ஈரமாக இருந்தால் தூள் பிடிக்காதாம். பிறகுதான் சொன்னீர்கள், மிக்க நன்றி. "வெள்ளிக்கெழமக்குள்ள நல்ல பத்திரிக வரலன்னா தேதிய தள்ளிப் போட்டுரலாம் லா" என்றார் சம்பந்தி. தனுஜா அழுத அழுகையில் வீடு இன்னும் ஈரமானது.

விட்டேனா? தாள்களை ஆலையில் கொழுந்து வாட்டும் மாடிக்குத் தூக்கிப்போய், அங்கே வேலை செய்யும் கந்தசாமியைக் கெஞ்சி, சூடான காற்றில் பரப்பினேன். சருகாகக் காய்ந்தன. காய்ந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கூட்டமாக மிஷினுக்குள் நுழைந்து சிக்கிக்கொண்டன. அதிகம் காய்ந்தாலும் மின்சாரம் ஏறி ஒட்டுமாம். ஈரமும் ஆகாது, ரொம்பக் காயவும் கூடாது. மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு கேட்கவில்லை.

ஆகவே உங்கள் சீரை நாளைக்கே காய்கறி லோரியில் திருப்பி அனுப்புகிறேன். பத்திரிகையில் 'தாய்மாமன் குகனேஸ்வரன்' என்றிருந்த வரியையும் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டேன். மானமுள்ளவன் வேறென்ன செய்வான்?

உங்கள் பிள்ளைகள் நீடூழி வாழ என் ஆசிகள். அவர்களுக்கு யாரும் பிரிண்டர் அனுப்பாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு, கொதிப்புடன்,
செல்லையா

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள், உங்கள் அக்கா அம்மாக்கண்ணு உறை பிரிக்காத ஒரு கட்டை பீரோவிலிருந்து எடுத்து வந்தாள். என் கையில் சிக்காமல், கூறைப்புடவைக்கு அடியில் படுக்க வைத்திருந்தாளாம். "பிரிக்காம வைன்னு உறையிலயே போட்டிருக்குங்க. சொன்னா நீங்க கேப்பீங்களா?" பத்திரிகைகள் பளிச்சென்று வந்தன. சம்பந்தி விரலால் தேய்த்தார், ஈரத்துணியால் தேய்த்தார், மகன் அசையவில்லை. தேதி உறுதி. ஊருக்கெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் தனுஜா கேட்டாள், "அப்பா, மாமா பேரு எங்கப்பா?" மாமா பேர் இல்லாத பத்திரிகையென்றால் மணையில் உட்கார மாட்டாளாம். வீட்டில் ஒரு தாள்கூட மிச்சமில்லை. பிரிண்டர் எங்கும் போகாது. தயவுசெய்து ஒரு கட்டுத் தாளோடு நீங்களே புறப்பட்டு வாருங்கள். வழியில் உறையைப் பிரித்துவிடாதீர்கள்.